ஆறு நாற்பது

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. காதோரம் ஒரு பென்சில் செருகியிருப்பாள். விரிப்பு கோணலாக மடிந்து வந்தால் ஒன்றும் சொல்லாமல் பிரித்து மறுபடி மடிப்பாள். காரணம் அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் கூடம் அது. பகலெல்லாம் நீராவி. சுவரில் இருந்த மின்விசிறிகள் சூடான காற்றை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோய் விட்டு வந்தன. உட்கார்ந்து செய்யும் வேலை அங்கே ஒன்றும் இல்லை. முதல் தடவை உள்ளே வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு முனைகளைப் பிடித்து உதற வேண்டும். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனையைக் கைமாற்றி, குனிந்து மடிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு முறை. டீச்சருக்கு ஜோடி, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருத்தி. ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு அவள். டீச்சர் அவளுடைய தோள் வரைக்கும் வருவாள். பார்க்க நன்றாக இல்லை என்று மேற்பார்வையாளர் முதல் வாரமே இருவரையும் பிரிக்கப் பார்த்தார்.

"விடுங்க சார். மேல தூசி இருந்தா நான் பாக்கறேன். கீழ ஊசி கெடந்தா அவ பாக்கட்டும். உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றாள் நெட்டை.

ஒன்பது வருஷமாக அவர்கள் பிரியவில்லை.

ஒருநாள் பின்மண்டை வலியோடு டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கணவரும் கூட வந்தார். அவர் பஸ் டிரைவர். அது வேலை முடிந்து வந்த சாயங்கால நேரம். டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். பிரஷர் அதிகமாக இருந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தார். அப்போதும் அதிகம்தான்.

"மாத்திரை இப்பவே வேணாம்," என்றார் டாக்டர். இளம் வயதுப் பெண். அவசரமாகப் பேசினாலும் பதிலை அவசரமில்லாமல் கேட்கிறவர். "சிலருக்கு ஒரு எடத்துல ஏறும், இன்னொரு எடத்துல எறங்கும். பத்து நாள் எழுதிட்டு வாங்க. வேலைல ஒரு தடவ, வீட்ல ஒரு தடவ. மிஷின் நான் தரேன். எல்லா வேலையும் அதுவே பண்ணும், நீங்க பட்டனை மட்டும் அழுத்தினாப் போதும்."

"வேலைல எத்தன மணிக்கு?" என்று டிரைவர் கேட்டார். நேரம் என்றால் அவருக்குத் துல்லியமாக இருக்க வேண்டும்.

"டீ குடிக்கிற நேரம்."

"பதினொண்ணு. வீட்ல?"

"எல்லாரும் வந்தப்புறம், சாப்பாட்டுக்கு முன்னாடி."

"நான் ஆறரைக்கு வருவேன். அப்ப ஆறு நாப்பதுன்னு வச்சுக்கலாம்," என்றார் டிரைவர். டாக்டர் மிஷினின் கடிகாரத்தைச் சரிபார்த்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் டிரைவரே அளவுகோல் வைத்து ஒரு நோட்டில் கோடு போட்டார். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் வீடு.

முதல் நாள் பதினோரு மணிக்கு, நெட்டைதான் பட்டையைச் சுற்றினாள். டீச்சரின் கை ஈரமாக இருந்ததால் தன் முந்தானையால் துடைத்துவிட்டுச் சுற்றினாள். டீயை மூடி வைத்தாள். "பேசாத. பேசினா ஏறுமாம். டாக்டர் சொன்னாங்கன்னு நீதானே சொன்ன," என்று அதட்டிவிட்டு எண்ணை உரக்கப் படித்தாள்.

"நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு. இது ஒன் நம்பரா? பச்சக் கொழந்த நம்பர் மாதிரில்ல இருக்கு!"

பக்கத்து மேஜைக்காரிகள் சிரித்தார்கள். ஒருத்தி தனக்கும் பார்க்கச் சொன்னாள். "ஒனக்குப் பாத்தா மிஷின் வெடிச்சிடும், போ," என்றாள் நெட்டை.

சாயங்காலம் வீட்டில் நடந்ததும் எல்லா நாளும் நடப்பதுதான். ஆறு இருபதுக்கு மகள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். பள்ளி இறுதி வகுப்பு படிக்கிற பெண். அந்த நேரத்தில்தான் அவளுக்கு எப்போதும் குளியல் ஞாபகம் வரும். ஆறரைக்கு வாசல் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்தது மேஜை மேல் சாவிக்கொத்து விழும் சத்தம். டீச்சரின் தோள்கள் அந்தச் சத்தத்துக்கு முன்பே கொஞ்சம் உயர்ந்துவிடும். அது அவளுக்கே தெரியாது.

"இந்த லைட் யாருக்கு எரியுது?"

அவள் விளக்கை அணைத்தாள்.

"செருப்பு ஏன் குறுக்கால கெடக்கு?"

அவள் செருப்பை ஓரமாக வைத்தாள்.

"கொழாய் சொட்டுதுன்னு நேத்தே சொன்னேன்ல. ஆள் வந்தானா? ஏன் வரல? நீ எத்தன மணிக்குச் சொல்லி அனுப்பின?"

டிரைவர் கத்தவில்லை. கை ஓங்கியவர் இல்லை, குடிப்பவர் இல்லை, கும்பிடாமல் வண்டியை எடுக்காதவர். தெருவில் யாரைக் கேட்டாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள். அவர் கேள்விதான் கேட்பார். ஒவ்வொரு கேள்வியும் நியாயமாகவே இருக்கும். விளக்கு எரிந்ததும் உண்மை, குழாய் சொட்டியதும் உண்மை. பத்து நிமிஷத்தில் வீடு முழுக்க ஒரு சுற்று வந்து முடித்துவிடுவார். அதற்குப் பிறகு சாப்பாடு, யாரும் பேசமாட்டார்கள்.

அவருடைய வேலையிலும் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவர் ஓட்டும் வழித்தடத்தில் ஒரு நடைக்கு நாற்பத்தெட்டு நிமிஷம் இருந்தது. போன வருஷம் அதை நாற்பதாகக் குறைத்துவிட்டார்கள். தெருக்களில் நெரிசல் குறையவில்லை. ஒவ்வொரு முனையிலும் நேரம் பார்ப்பவர் ஒரு பலகையை வைத்துக்கொண்டு நின்று கேட்பார்: ஏன் தாமதம், எங்கே நின்றாய், எத்தனை நிமிஷம். ஏறுகிறவர்களும் கேட்பார்கள். ஒன்பது மணி நேரம் அவர் ஒருவருக்கும் பதில் சொல்லமாட்டார். சொன்னால் சீட்டு கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். வாயை இறுக்கிக்கொண்டு ஓட்டுவார். வீட்டுக்கு வந்துதான் அவருக்கு வாய் திறக்கும். திறந்தால் அதே கேள்விகள்தான் வரும் என்பதை அவர் கவனித்ததில்லை.

ஆறு நாற்பதுக்கு அவர் முகம் கழுவப் போனபோது டீச்சர் கையில் பட்டையைச் சுற்றிப் பட்டனை அழுத்தினாள். நூற்று அறுபத்து நான்கு, நூற்றிரண்டு.

அவள் நோட்டைத் திறந்து உட்கார்ந்தாள். காலையில் பென்சிலால் வேறொரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்த எண் கையில் இருந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வேலை, நூற்றுப் பதினெட்டு. வீடு, நூற்று அறுபத்து நான்கு. இந்த நோட்டை டாக்டர் பார்ப்பார். அதற்கு முன் டிரைவர் பார்ப்பார். வண்டியின் நடைத்தாளைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு நாளும் பார்ப்பார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இதோ வந்துவிடுவார்.

அவள் எழுதினாள். வேலை, நூற்று அறுபத்து நான்கு. வீடு, நூற்றுப் பதினெட்டு.

அதை அவள் பொய் என்று நினைக்கவில்லை. எண்கள் இரண்டும் உண்மை; உட்கார்ந்திருந்த இடம்தான் வேறு. ஒரு வீட்டைப் பற்றி வெளியே சொல்லக்கூடாதது எதுவோ, அதை அவள் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

டிரைவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "பாத்தியா. வேலைல எப்படி ஏறுது பார். வீட்டுக்கு வந்தா எறங்கிடுது," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. மறுநாள் தன் கண்டக்டரிடமும் சொன்னார்.

பத்து நாளும் இப்படியே போயிற்று. இடையில் வந்த ஞாயிறன்றும் சலவைக்கூடத்தில் கூடுதல் வேலை இருந்தது. நடுவில் ஒரு வியாழக்கிழமை மட்டும் சிக்கல். அன்று ஆறு மணிக்கு டிரைவர் போன் செய்தார். வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது, வேறு வண்டி வர வேண்டும், எட்டுக்கு முன் வரமுடியாது என்றார். சரி என்று சொல்லி டீச்சர் போனை வைத்தாள். மகள் அன்று குளிக்கப் போகவில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொன்னாள். கணக்கு வாத்தியார் கரும்பலகையைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு தன் சட்டையையே துடைத்துக்கொண்ட கதை. இருவரும் சிரித்தார்கள். ஆறு நாற்பதுக்கு மிஷின் நூற்றுப் பதினாறு காட்டியது.

டீச்சர் அந்த எண்ணை, திரை தானாக அணையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலையும் குறைவு, மாலையும் குறைவு. மாற்றி எழுத எண் இல்லை. வேலைப் பக்கத்தில் எழுத ஓர் எண்ணை அவளே உண்டாக்க வேண்டியிருந்தது. நூற்று ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். அன்று படுக்கும்முன் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டது அந்த ஓர் எண்ணுக்காக மட்டும்தான்.

பதினோராம் நாள் வேலைக்குப் பிறகு டீச்சர் நோட்டோடு டாக்டரிடம் போனாள். மிஷினை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். பரவாயில்லை, பிறகு கொடுத்து அனுப்புங்கள் என்றார் டாக்டர். நோட்டை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். கூடத்தின் வெக்கையைப் பற்றிக் கேட்டார். எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று கேட்டார். டீச்சர் எல்லாவற்றுக்கும் உண்மையான பதிலைச் சொன்னாள். வெக்கை உண்மை, நிற்பது உண்மை.

"வீட்ல இவ்வளவு நல்லா இருக்கும்போது மாத்திரை எதுக்கு?" என்றார் டாக்டர். "இந்த வேலை ஒத்துக்கல உங்களுக்கு. விட முடியுமான்னு யோசிங்க. இல்லன்னா உட்காந்து பாக்கற வேலை ஏதாவது."

அன்று சாயங்காலம் டிரைவர் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. விளக்கைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

"விட்டுடு," என்றார். "நான் ஓட்டறது போதும் நமக்கு. இத்தன வருஷம் அந்த வெக்கையில நின்னியே, நான் ஒரு நாளும் கேக்கல. தப்புதான். வீட்ல நிம்மதியா இரு. வீட்லதான் ஒனக்கு நல்லா இருக்கே."

அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருந்து அவள் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த மென்மைதான் அவள் வாயைக் கட்டியது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும்போது, நோட்டில் இருப்பது மாறி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவள் சரி என்றாள். மகள் படிக்கும் மேஜையில் உட்கார்ந்து, வேலை நேரத்தில் பிரஷர் நூற்று அறுபதுக்கு ஏறுவதால், உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதினாள். எழுத்து நேராக வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கடிதத்தை அவள் முதலில் நெட்டையிடம்தான் காட்டினாள். ஒரு விரிப்பை உதறி, நடுவில் சந்தித்து, முனையைக் கைமாற்றும்போது காட்டினாள். நெட்டை விரிப்பைப் பிடித்துக்கொண்டே படித்தாள்.

"வேலைல நூத்தி அறுபதா? யாருக்கு?"

டீச்சர் குனிந்து மடிப்பின் நுனியைப் பிடித்தாள்.

"பத்து நாள் படிச்சது நான். எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நூத்தி இருபத ஒரு நாளாவது தாண்டிச்சா? அப்ப அந்த அறுபது எங்கேர்ந்து..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "மாத்தி எழுதிட்டியா?"

"மெதுவாப் பேசு."

"அடிப்பாரா?"

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன் வந்தா எதுக்குடி நூத்தி அறுபது?"

"தெரியல. கேள்வி கேப்பாரு. அவ்வளவுதான்." அவள் விரிப்பின் முனையைச் சரியாக ஒட்டவைத்தாள். "நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வீட்டு விஷயம். சத்தியமாச் சொல்லு."

நெட்டைக்குச் சத்தியம் செய்யப் பிடிக்கவில்லை. ஆனால் செய்தாள். பிறகு நான்கு விரிப்பு மடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. அது அவளுக்கு மிக நீண்ட நேரம்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், செய்வியா? கடுதாசிய இன்னிக்குக் குடுக்காத. திங்கக்கெழம குடு."

"திங்கக்கெழம குடுத்தா மட்டும்?"

"ஒண்ணும் இல்ல. எனக்காக. ஒன்பது வருஷத்துக்கு ரெண்டு நாள் கேக்கறேன். அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்." அவள் கடிதத்தை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீ போயிட்டா எனக்கு எவளையாவது குட்டையாப் பாத்து ஜோடி சேக்கச் சொல்லணும். பழகிப்போச்சு."

டீச்சர் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் நெட்டையால் ஆனது ஒன்றும் இல்லை. இரண்டு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியாது. தன்னால் முடியாததை வேறு யாராவது செய்ய இடம் விட்டுவைத்தாள், அவ்வளவே. கடவுள் வேலை செய்வதற்குப் பல சமயம் இந்த அளவு இடம்தான் கிடைக்கிறது.

அதே சனிக்கிழமை காலை, டாக்டரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக டிரைவர் மிஷினைத் தன் பையில் எடுத்துப் போயிருந்தார். மதியம் பஸ் நிலைய வாசலில் ஒரு வண்டி பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டதால், அவருக்கு வழக்கமாகக் கிடைக்காத அரை மணி நேரம் கிடைத்தது. டிரைவர்கள் உட்காரும் அறையில் அவரும் கண்டக்டரும் இருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணே பையில? இன்னொரு சாப்பாடா?" என்றான் கண்டக்டர்.

"பிரஷர் மிஷின். வீட்ல பாத்தது. திருப்பிக் குடுக்கணும்."

"நமக்கு எதுக்கு அண்ணே மிஷின்? டைம்காரர் மூஞ்சியப் பாத்தாலே நம்ம பிரஷர் தெரிஞ்சிடுமே. கைய நீட்டுங்க, பாப்போம்."

டிரைவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் பட்டையைச் சுற்றிவிட்டான். மிஷின் உறுமி அடங்கியது.

"நூத்தி அறுபத்தெட்டு! அண்ணே, இது பிரஷரா, நம்ம ரூட் நம்பரா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். கண்டக்டர் மிஷினை விடவில்லை. இன்னொரு பட்டனை அழுத்தினான். "இதுல பழசெல்லாம் இருக்கு. நம்ம டிக்கெட் மிஷின் மாதிரியேதான். தேதி, மணி எல்லாம் போட்டிருக்கு. அண்ணியோடதா? பதினாறாம் தேதி, ஆறு நாப்பது, நூத்தி அறுபத்திரண்டு. அதே நாள் பதினோரு மணி, நூத்திப் பதினேழு."

"மாத்திப் படிக்கிற. பதினோரு மணிக்குத்தான் அதிகம்."

"எனக்கு மணி பாக்கத் தெரியாதா அண்ணே?"

டிரைவர் மிஷினை வாங்கினார். முதலில் அதன் கடிகாரத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். மூன்றும் ஒரு நிமிஷம்கூட விலகவில்லை. வேறொருவராக இருந்தால் மிஷின் கோளாறு என்று மூடி வைத்திருப்பார். இவர் நேரத்தோடு சண்டை போடுகிறவர் இல்லை. ஒவ்வொன்றாகப் பின்னால் போனார். பதினொன்று, பதினொன்று, பதினொன்று: எல்லாம் குறைவு. ஆறு நாற்பது, ஆறு நாற்பத்தொன்று, ஆறு நாற்பது: எல்லாம் அதிகம்.

ஒன்று மட்டும் அப்படி இல்லை. கண்டக்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னான்: "ஒம்பதாம் தேதி மட்டும் ஆறு நாப்பதுக்கு நூத்திப் பதினாறு. அன்னிக்கு அண்ணிக்கு என்ன விசேஷம்? ஒம்பதாம் தேதி... வியாழக்கெழம. நம்ம வண்டி நின்னுபோச்சே, அன்னிக்குத்தானே?"

"ஆமா," என்றார் டிரைவர். "நான் எட்டே காலுக்குத்தான் போனேன்."

கண்டக்டர் அதற்குள் பெஞ்சில் இருந்தவர்களிடம் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். டிரைவர் பட்டையை மெதுவாகச் சுருட்டி உறைக்குள் வைத்தார். நோட்டில் தானே அளவுகோல் வைத்துப் போட்ட கோடு ஞாபகம் வந்தது. ஆறு நாற்பது என்று நேரம் குறித்ததும் தான்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். யார் மேல் என்று தெரியாததால் அது வரவில்லை.

வாசலில் தடை விலகியதும் வண்டியை எடுத்தார். அந்த நடையில் ஒரு பயணி, ஏன் இவ்வளவு தாமதம், எங்கே படுத்துத் தூங்கினாய் என்று கேட்டார். டிரைவர் வழக்கம்போல வாயை இறுக்கிக்கொண்டார். முதல் முறையாக, இறுக்கியதைத் தானே கவனித்தார்.

வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தார். முறை வந்ததும் மிஷினை மேஜையில் வைத்தார்.

"நோட்டுல எடம் மாறியிருக்கு டாக்டர். வேலையில உள்ளது வீட்ல இருக்கு, வீட்ல உள்ளது வேலையில இருக்கு. இதுல மணி போட்டிருக்கு, பாத்துக்கங்க."

டாக்டர் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "ஏன் மாத்தி எழுதினாங்க?"

"நான் பாப்பேன்னு."

டாக்டர் மேலே எதுவும் கேட்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். கடைசியாக இருந்த எண்ணைக் காட்டி, "இது யாரு? இன்னிக்கு மத்தியானம்?" என்றார்.

"நான்."

மறுபடி பார்த்தார்கள். மத்தியான எண்ணைவிட இரண்டு மட்டும்தான் குறைந்திருந்தது. நாற்பத்தெட்டு நிமிஷம் நாற்பதான கதையை டிரைவர் சொன்னார். அதை அவர் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தும் டாக்டர் இடையில் பேசாமல் கேட்டார்.

"டைம்டேபிள என்னால மாத்த முடியாது," என்றார் டாக்டர்.

"தெரியும்."

"வண்டியிலிருந்து எறங்கினதும் நேரா வீட்டுக்குப் போகாதீங்க. இருபது நிமிஷம் நடங்க. அப்புறம் உள்ள போங்க. மிஷினக் கொண்டு போங்க. இன்னும் பத்து நாள், ரெண்டு பேரும் எழுதணும். அவங்க வேலைய விட வேணாம். நான் சொன்னது தப்பு."

அவர் வீட்டுக்குப் போனபோது ஏழேகால். டீச்சரும் மகளும் கூடத்தில் இருந்தார்கள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் மகள் எழுந்து உள்ளே போனாள். டிரைவர் சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல இருந்தார். பிறகு மிஷினை மேஜை மேல் வைத்தார்.

"குடுக்கலியா?" என்றாள் டீச்சர்.

"இன்னும் பத்து நாள் எழுதச் சொன்னாங்க. எனக்கும் சேத்து."

"நான்தான் வேலைய விடறேனே. அப்புறம் என்ன எழுதறது?"

"வேலை எடத்துலயும் எழுதணுமாம். அப்ப வேலை இருக்கணும்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதுல மணி எல்லாம் பதிஞ்சிருக்கு. எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்."

டீச்சரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. அடுத்து கேள்வி வரும் என்று காத்திருந்தாள். வந்தது. ஆனால் வேறு விதமாக வந்தது.

"நான் உள்ள வந்ததும் மொதல்ல என்ன பண்றேன்?"

அவள் யோசித்தாள். "சாவியப் போடுவீங்க."

"அப்புறம்?"

"கேப்பீங்க."

"என்ன கேப்பேன்?"

"எல்லாம்."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கிட்டயும் அப்படித்தான் கேக்கறாங்க," என்றார். அது சாக்காகச் சொன்னது போல இல்லை; ஒரு தெருவுக்கு வழி சொல்வது போல இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்தாள். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. வழக்கமான மௌனம் இல்லை இது என்று இருவருக்கும் தெரிந்தது. ஆனால் இதில் எப்படி இருப்பது என்று இன்னும் பழகவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நெட்டை பட்டையைச் சுற்றி, "நூத்தி இருபது," என்று படித்தாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தாள்.

"இதக் குடுக்கணுமா?"

"வேணாம்."

"அப்ப இந்த நூத்தி இருபத எந்தப் பக்கம் எழுதப் போற?"

"வேலைப் பக்கம்," என்றாள் டீச்சர். அன்று நோட்டையே சலவைக்கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். நெட்டை கூடவே நின்று, எழுதி முடிக்கும்வரை பார்த்துவிட்டு, கடிதத்தை எட்டாகக் கிழித்து அழுக்கு மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்த குப்பைக் கூடையில் போட்டாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை, இருந்தும் கேட்கவில்லை. விரிப்பின் இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

அன்று சாயங்காலம் ஆறு இருபதுக்கு மகள் குளிக்கத்தான் போனாள். ஆறரைக்குத் தாழ்ப்பாள் விழவில்லை. ஆறு ஐம்பதுக்கு விழுந்தது. டீச்சரின் தோள்கள் உயர்ந்தன. டிரைவர் சாவிக்கொத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமல் உள்ளே வந்தார். சமையலறை விளக்கு யாரும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இந்த லைட்..." என்று ஆரம்பித்தார்.

பிறகு தானே போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, கையை நீட்டினார். அவள் முதலில் அவருக்குப் பார்த்தாள். பிறகு தனக்குப் பார்த்தாள். அவருக்கு நூற்று அறுபத்து மூன்று. அவளுக்கு நூற்று ஐம்பத்தாறு.

நோட்டில் வீடு என்று இருந்த பக்கத்தில் அவள் இரண்டையும் எழுதினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினாள். டிரைவர் எண்ணைப் படித்தார்.

"கொறையலியே," என்றார்.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு," என்றாள் டீச்சர்.